ஆயிரம் கோப்ளின்களுக்கு ஓர் எக்ஸெல் ஷீட் போதும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரை நம்மில் பலர் கம்ப்யூட்டர் கேம்கள் மூலமாகத்தான் அறிந்திருப்போம். 2023ல் வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3 கூட இதன் விதிகளை அடிப்படையாகக் கொண்டதுதான். ஆனால் இதன் மூல வடிவம் கம்ப்யூட்டரே தேவைப்படாத ஒரு மேஜை விளையாட்டு. நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக் கொள்வார்கள். ஒருவர் வாள் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூட்டுத் திறக்கும் திருடன். மீதமுள்ள ஒருவர் டன்ஜன் மாஸ்டர். கதை சொல்வது, எதிரிகளை நடத்துவது, தீர்ப்புச் சொல்வது எல்லாம் அவர் வேலை. இந்தக் கட்டுரையில் அவரை நடுவர் என்றே அழைக்கிறேன். "கதவை உடைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், 20 முகங்கள் கொண்ட பகடையை உருட்டி, வந்த எண்ணை வைத்து உடைந்ததா இல்லையா என்று நடுவர் சொல்வார். விளையாட்டின் உயிர் அந்தப் பகடையில்தான் இருக்கிறது.

நான்கு கேரக்டர்கள், ஆறு கோப்ளின்கள் என்று சண்டை போடும் வரை எந்தச் சிக்கலும் இல்லை. (கோப்ளின் என்பது குள்ளமான, தந்திரமான ஒரு கற்பனை இனம். பெரும்பாலும் முதலில் சாவது அவைதான்.) கதை வளர வளர கேரக்டர்களும் வளர்வார்கள். ஒரு நாள் ஒரு ஊரையே காப்பாற்ற வேண்டிய கட்டம் வரும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆயிரம் கோப்ளின்கள், இந்தப் பக்கம் 700 ஊர்க்காவலர்கள். பல மாதங்களாக வாரக் கடைசியில் கூடி விளையாடியவர்கள் இந்தக் கட்டத்திற்காகத்தான் காத்திருந்திருப்பார்கள். அன்றைக்கென்று பார்த்து விளையாட்டு படுத்துவிடும். இதைப் பல மேஜைகளில் பார்க்கலாம்.

நடுவராக இருப்பவர் சாஃப்ட்வேர் துறையில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எங்களுக்கு எதைப் பார்த்தாலும் ப்ரோக்ராம் எழுதத் தோன்றும். ஆயிரம் கோப்ளின்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொன்றிற்கும் பகடை உருட்டி, ஒரு பட்டனைத் தட்டினால் போர் முடியும்படி செய்துவிடலாம் என்று கிளம்பிவிடுவோம். செய்ய முடியும்தான். ஆனால் செய்யக்கூடாது என்பது என் கட்சி. பெரிய போரில் கணக்கு மட்டும் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். முடிவுகளும், முடிவைத் தீர்மானிக்கும் பகடையும் மேஜையிலேயே இருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

6 நொடிக்கு 33 நிமிடம்

முதலில் கம்ப்யூட்டரே இல்லாமல் விதிப்புத்தகத்தை அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 2014ல் வந்த 5ம் பதிப்பில் ஒரு ரவுண்டு என்பது கதைக்குள் 6 நொடிகள். 200 கோப்ளின்கள் ஆளுக்கு ஒரு முறை அம்பு விடுகின்றன என்று வையுங்கள். பகடையை உருட்டி, கூட்டி, பட்டதா என்று பார்த்து, சேதத்தைக் குறிக்க ஒன்றுக்கு 10 நொடி ஆகும். கையில் வேகம் உள்ள நடுவருக்கே இந்தக் கணக்கு. மொத்தம் 2000 நொடிகள், அதாவது 33 நிமிடங்கள். கதையில் 6 நொடி நகர்வதற்குள் மேஜையில் அரை மணி நேரம் போய்விடுகிறது. அந்த நேரம் முழுவதும் நான்கு பேர் கையில் பகடையுடன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்து ரவுண்டு முடிய ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஒரு மாலைப் பொழுதே போயிற்று. கதையில் அரை நிமிடம்தான் ஆகியிருக்கும்.

இத்தனை உழைப்புக்கும் பலன் உண்டா என்று பார்த்தால், அதுவும் இல்லை. இது கொஞ்சம் முக்கியமான விஷயம் என்பதால் விரிவாகவே பார்ப்போம்.

அதே பதிப்பில் கோப்ளினின் அம்புக்குத் தாக்குதல் கூட்டல் 4. எதிரில் நிற்பவரின் ஆர்மர் கிளாஸ் 16 என்றால், பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 12 முதல் 20 வரை ஒன்பது எண்கள். இருபதில் ஒன்பது என்றால் 45 சதவீதம். ஒரே ஒரு கோப்ளின் அம்பு விட்டால் படலாம், படாமலும் போகலாம். மந்திரவாதிக்கு 3 ஹிட் பாயின்ட்தான் மிச்சம் என்றால் அந்த ஒரு பகடையை மேஜையே மூச்சைப் பிடித்துக் கொண்டு பார்க்கும்.

இப்போது 100 கோப்ளின்கள். சராசரியாக 45 அம்புகள் படும். எவ்வளவு மாறும்? ப்ளஸ் டூவில் படித்த பைனாமியல் கணக்கைப் போட்டால் ஸ்டாண்டர்டு டீவியேஷன் 5 என்று வரும். அதாவது 100 முறை உருட்டி முடித்தால், 100க்கு 95 தடவை விடை 35க்கும் 55க்கும் நடுவில்தான் இருக்கும். உருட்டாமலேயே 45 என்று எழுதி வைத்திருந்தால் பெரிய தவறு எதுவும் நடந்திருக்காது. எண்ணிக்கை ஏற ஏற, பகடையில் இருந்த அதிர்ஷ்டம் கரைந்துபோய் சராசரி மட்டுமே மிஞ்சுகிறது. ஒரு பகடைக்கு உயிர் இருக்கிறது. நூறு பகடை சேர்ந்தால் அது வெறும் கூட்டல் கணக்கு.

விதிகளை எழுதியவர்களுக்கும் இது தெரியும். 2014ம் ஆண்டு டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் கும்பல்களைச் சமாளிக்க ஒரு சின்ன அட்டவணை உண்டு. பகடையில் 6 முதல் 12 வரை தேவை என்றால் இரண்டு பேருக்கு ஒருவர் அடித்ததாக வைத்துக்கொள். 13 அல்லது 14 தேவை என்றால் மூன்று பேருக்கு ஒருவர். 20தான் தேவை என்றால் இருபது பேருக்கு ஒருவர். இந்த அட்டவணைப்படி நம் நூறு கோப்ளின்களில் 50 பேரின் அம்பு படும். சரியான கணக்குக்கு 5 கூட. அவசரத்துக்கு இதுவே போதும்.

ப்ரஷ்ய ராணுவத்தின் பழைய சண்டை

இந்தத் தலைவலி புதியது இல்லை. ஏறத்தாழ 200 வயது ஆகிறது. நம் நாட்டிலிருந்து போன சதுரங்கத்தை (பெயரே யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையைக் குறிப்பதுதான்) எடுத்துப் பெரிதாக்கி, 1780ல் ஜெர்மனியில் ஹெல்விக் என்பவர் ஒரு போர் விளையாட்டை உருவாக்கினார். 1824ல் ப்ரஷ்ய ராணுவத்தின் லெஃப்டினன்ட் ரைஸ்விட்ஸ், தன் தந்தை தொடங்கிய விளையாட்டைச் செம்மைப்படுத்தி க்ரீக்ஸ்ஸ்பீல் என்ற பெயரில் வெளியிட்டார். உண்மையான வரைபடம், படைகளைக் குறிக்கும் கட்டைகள், சேதத்தைக் கணக்கிடப் பகடை, அட்டவணைகள், எல்லாவற்றிற்கும் மேலாக ஒரு நடுவர். ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க இது பயன்பட்டது.

ஆனால் அட்டவணைகளைப் புரட்டிப் புரட்டியே நேரம் போயிற்று. 1876ல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி ஒரு யோசனை சொன்னார். அட்டவணைகளைத் தூக்கிப் போடுங்கள், அனுபவமுள்ள நடுவர் தானே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். இதற்குச் சுதந்திர க்ரீக்ஸ்ஸ்பீல் என்று பெயர். விளையாட்டு வேகமானது. ஆனால் எல்லாமே நடுவரின் மனம்போல நடக்கிறது என்ற எதிர்ப்பு எழுவதும் இயல்புதானே? அட்டவணையா, நடுவரா என்ற இந்தக் கேள்விக்கு அன்று விடை கிடைக்காததற்குக் காரணம், அட்டவணையை நொடியில் புரட்டும் கருவி அவர்களிடம் இல்லை. நம்மிடம் இருக்கிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் பெரிய போரிலிருந்துதான் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1971ல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் செயின்மெயில் என்ற விதிப்புத்தகத்தை வெளியிட்டார்கள். மத்திய காலப் போர்களைச் சின்னப் பொம்மைகளை வைத்து நடத்துவதற்கான விதிகள் அவை. ஒரு பொம்மை 20 வீரர்களைக் குறிக்கும். கடைசியில் பின்னிணைப்பாக மந்திரவாதி, டிராகன் போன்றவற்றுக்கும் விதிகள் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு ஹீரோ நான்கு பேருக்குச் சமம். சூப்பர் ஹீரோ எட்டுப் பேருக்குச் சமம். மந்திரவாதியின் தீக்குண்டு, கல்லெறியும் பெரிய பொறி எவ்வளவு இடத்தைத் தாக்குமோ அவ்வளவு இடத்தைத் தாக்கும். 1974ல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 4ம் லெவல் வீரனுக்கு ஹீரோ என்றும் 8ம் லெவல் வீரனுக்குச் சூப்பர் ஹீரோ என்றும் பட்டம் வந்தது இப்படித்தான். படையிலிருந்து ஒரு ஆளைப் பிரித்தெடுத்து, அவனுக்குப் பெயரும் கதையும் கொடுத்ததுதான் அந்த விளையாட்டு செய்த புதுமை. மறுபடி படையைக் கொண்டு வரும்போது அந்த ஆள் அதற்குள் காணாமல் போய்விடக்கூடாது. இதுதான் நம் பிரச்சினையே.

1984ல் வந்த கம்பேனியன் செட்டில் வார் மெஷின் என்று ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு படைக்கும் பலம், பயிற்சி, தலைமை எல்லாவற்றையும் சேர்த்து ஓர் எண். இரு தரப்பும் நூறு வரையிலான பகடையை உருட்டி அந்த எண்ணுடன் கூட்ட வேண்டும். வித்தியாசத்தைப் பார்த்து அட்டவணையில் இழப்பைக் கண்டுபிடிக்கலாம். சில நிமிடங்களில் போர் முடிந்துவிடும். அழகான முறை, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் திருடன், வாள் வீரன் எல்லோரும் அந்த எண்ணுக்குள் புதைந்து போகிறார்கள். மறுபக்கம் 1985ல் வந்த பேட்டில்சிஸ்டம் முழுக்க முழுக்கப் பொம்மைப் படை விளையாட்டு. அதை விரும்புகிறவர்கள் தாராளமாக விளையாடட்டும். ஆனால் அதற்கு வேறு ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

எக்ஸெலில் ஓர் ஆற்றங்கரை

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். எக்ஸெல் இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கேல்க் போதும்.

ஏ காலத்தில் ஊர்க்காவலர்கள் 700 என்றும், பி காலத்தில் கோப்ளின்கள் 1000 என்றும் எழுதுங்கள். அடுத்த வரிசையில், காவலர் எண்ணிக்கையிலிருந்து கோப்ளின் எண்ணிக்கையின் 5 சதவீதத்தைக் கழிக்கச் சொல்லுங்கள். கோப்ளின் காலத்தில் அதையே மாற்றிச் செய்யுங்கள். பிறகு இந்த வரிசையைக் கீழே இழுத்துவிடுங்கள். ஒரு வரிசை என்பது கதையில் பத்து நிமிடம் என்று வைத்துக் கொள்ளலாம். இந்தக் கணக்கை 1916ல் பிரிட்டிஷ் பொறியாளர் ஃப்ரெடெரிக் லான்செஸ்டர் தன் புத்தகத்தில் விளக்கினார். தூரத்திலிருந்து சுட்டுக்கொள்ளும் இரண்டு படைகளில், படையின் பலம் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது அவர் கண்ட விதி.

ஷீட்டைப் பாருங்கள். 8வது சுற்றில் காவலர்கள் 342 ஆகிவிடுவார்கள். 18வது சுற்றில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். கோப்ளின்களோ ஏறத்தாழ 700 பேர் உயிரோடு நிற்பார்கள். தொடக்கத்தில் 300 பேர்தான் வித்தியாசம். ஆனால் முடிவில் 700 பேர் மிச்சம்! கூட்டமாக இருப்பதன் பலம் எவ்வளவு பயங்கரமானது என்பதை விளையாடுபவர்களுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

இப்போது கேரக்டர்களில் ஒருவர், "ஆற்றைக் கடக்க எத்தனை வழி?" என்று கேட்கிறார். நடுவர், "இரண்டு இடத்தில் ஆழமில்லை, நடந்தே வரலாம். அது தவிர ஒரு கல் பாலம்" என்கிறார். அந்த இரண்டு இடங்களிலும் ஏதாவது செய்து தடுத்துவிட்டால்? பாலத்தில் ஒரே நேரத்தில் பக்கத்துக்கு 20 பேர்தான் சண்டை போட முடியும் என்று வையுங்கள். ஃபார்முலாவில் எண்ணிக்கைக்குப் பதிலாக, எண்ணிக்கை, 20 இரண்டில் எது குறைவோ அது என்று மாற்றுங்கள். அதற்கு மின் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. இப்போது ஒவ்வொரு சுற்றிலும் இரு பக்கமும் ஒருவரைத்தான் இழக்கிறது. 8வது சுற்றில் காவலர்கள் 692 பேர் நிற்பார்கள். ஒரு சின்ன மாற்றத்தில் 350 உயிர்கள்.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். ஷீட்டில் மாறியது ஒரே ஒரு செல். ஆனால் அந்தச் செல்லை மாற்றுவதற்கு நான்கு பேர் இருட்டில் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும், அங்கு காவலுக்கு நிற்கும் ஆறு கோப்ளின்களைச் சத்தமில்லாமல் வீழ்த்த வேண்டும், மந்திரவாதி மிச்சமிருக்கும் ஒரே ஒரு மந்திரத்தை இங்கே செலவழிப்பதா, நாளைக்கு வைத்திருப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். அந்தச் சண்டையை வழக்கம்போல் ஒவ்வொரு பகடையாக உருட்டி, அரை மணி நேரம் அனுபவித்து விளையாடுங்கள். முடிந்ததும் ஷீட்டில் எண்ணை மாற்றுங்கள். பெரிய போர் இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடும். மூன்று மணி நேர மாலையில் இப்படி நான்கு காட்சிகள் தாராளமாகக் கொள்ளும். காட்சிக்கு இரண்டு சுற்று. 8வது சுற்று வந்துவிடும்.

தீக்குண்டு மந்திரத்தையும் இதே போல ஷீட்டில் சேர்க்கலாம். 5ம் பதிப்பில் அதன் ஆரம் 20 அடி. 5 அடிக் கட்டங்களாகப் பிரித்தால் ஏறத்தாழ 50 கட்டங்கள். நெருக்கமாக நிற்கும் கோப்ளின்கள் மீது விழுந்தால் 50 பேர் போவார்கள். கோப்ளினுக்கு 7 ஹிட் பாயின்ட்தான். தீக்குண்டின் சேதம் சராசரியாக 28. தப்பித்துப் பாதி சேதம் வாங்கினாலும் 14. பகடையே வேண்டாம், கோப்ளின் காலத்தில் 50ஐக் கழித்துவிடுங்கள். "என் மந்திரத்தில் 50 பேர் போனார்கள்" என்பது ஷீட்டில் தெரிவதைப் பார்க்கும் அந்த முகத்தைப் பாருங்கள்.

அதிர்ஷ்டம் கொஞ்சம் இருக்கட்டும் என்று விரும்புகிறவர்களுக்கு எக்ஸெலில் ஒரு வசதி உண்டு. பி ஐ என் ஓ எம், ஒரு புள்ளி, ஐ என் வி என்று டைப் செய்தால் வரும் ஃபங்ஷன். அதற்குள் முதலில் எத்தனை பேர், அடுத்து வெற்றி வாய்ப்பு, மூன்றாவதாக ராண்ட் ஃபங்ஷன் என்று கொடுங்கள். 100, 0.45, ராண்ட் என்று கொடுத்தால் நூறு பகடைகளை ஒரே நொடியில் உருட்டியதற்குச் சமம். எக்ஸெல் 2010லிருந்து இது உள்ளது. எஃப்9 கீயை அழுத்தினால் புதிய விடை வரும்.

ஓர் எச்சரிக்கை. ராண்ட் உள்ள ஷீட்டில் நீங்கள் வேறு எந்தச் செல்லில் எதை டைப் செய்தாலும் எல்லா விடைகளும் மாறிவிடும். தளபதியின் பெயரில் எழுத்துப்பிழையைத் திருத்தினால் செத்த கோப்ளின்கள் எழுந்து நிற்பார்கள். எனவே ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அந்த விடையைக் காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து அதே இடத்தில் ஒட்டிவிடுங்கள்.

பயம்தான் போரை முடிக்கிறது

ஷீட்டின்படி 18 சுற்றுகள் ஆகும் என்று பார்த்தோம். ஆனால் கடைசி ஆள் வரை எந்தப் படையும் நிற்பதில்லை. பாதி விழுவதற்குள் ஓட ஆரம்பித்துவிடும். 1981ல் வந்த பேசிக் தொகுப்பில் இதற்கு மொரேல் என்ற எளிய விதி இருக்கிறது. ஒவ்வொரு எதிரிக்கும் 2 முதல் 12 வரை ஒரு மன உறுதி எண். சாதாரண ஆறு முகப் பகடை இரண்டை உருட்ட வேண்டும். மன உறுதி எண்ணை விட அதிகமாக விழுந்தால் எதிரி பின்வாங்கும். முதல் சாவின் போதும், பாதிப் பேர் விழுந்த போதும் இதை உருட்டச் சொல்கிறது புத்தகம். பெரிய போருக்கு முதல் சாவை நான் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் பதிலாகத் தலைவன் விழுந்தால் உருட்டுவேன்.

கோப்ளினின் மன உறுதி 7. ஆனால் தங்கள் இருப்பிடத்தில் அரசன் உயிரோடு உடனிருந்தால் அது 9 ஆகும். அந்த விதியைப் போர்க்களத்துக்கும் நீட்டிக்கொள்ளலாம். கணக்கைப் பாருங்கள். இரண்டு பகடையில் 9க்கு மேல் விழ வாய்ப்பு 36ல் 6, அதாவது 17 சதவீதம். 7க்கு மேல் விழ வாய்ப்பு 36ல் 15. ஏறத்தாழ 42 சதவீதம். அரசன் ஒருவன் செத்தால், ஆயிரம் பேர் ஓடுவதற்கான வாய்ப்பு இரண்டரை மடங்கு ஆகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஷீட்டில் கோப்ளின்கள் பாதியாகக் குறையவே மாட்டார்கள். கேரக்டர்கள் ஒன்றும் செய்யாவிட்டால் இந்தப் பகடையை உருட்டும் சந்தர்ப்பமே வராது. ஊர் போனது போனதுதான்.

ஆகவே மூன்றாவது காட்சியிலோ நான்காவது காட்சியிலோ யாராவது ஒருவர் கோப்ளின் அரசனின் கூடாரத்தைத் தேடிப் போவார். போய் ஜெயித்தால், அந்த இரண்டு பகடையை நடுவர் உருட்டக்கூடாது. கம்ப்யூட்டர் கட்டாயம் உருட்டக்கூடாது. அரசனை வீழ்த்தியவர் கையில் கொடுங்கள். எல்லோரும் பார்க்க, மேஜை நடுவில் உருட்டட்டும். ஆயிரம் பகடைகளை விட அந்த இரண்டு பகடைகளுக்கு எடை அதிகம். 42 சதவீதம் என்பது நல்ல எண். நம்பிக்கை வைக்கலாம், நிச்சயம் என்று சொல்ல முடியாது.

முழு ஆட்டோமேஷன் ஏன் வேண்டாம்?

2004ல் ஃபேன்டசி கிரவுண்ட்ஸ், 2012ல் ரோல்20, 2020ல் ஃபவுண்ட்ரி என்று மேஜையையே திரையில் கொண்டுவரும் சாஃப்ட்வேர்கள் வந்துவிட்டன. வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் சேர்ந்து விளையாட இவை பெரிய வரப்பிரசாதம். அதை நான் குறை சொல்லவில்லை. இவற்றில் மேக்ரோ எழுதி ஒரே கிளிக்கில் முழுப் படையையும் தாக்க வைக்கலாம். அதற்கு மேலும் போய், போரையே ஏஐ சாட்டிடம் கொடுத்து முடிவைக் கேட்டு வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். தளபதிகளுக்குப் பெயர் வைக்கவும், ஊர்க்காரர்கள் பேசும் வசனத்துக்கும் அதைப் பயன்படுத்துங்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று அதனிடம் கேட்காதீர்கள். இரண்டு காலம் உள்ள ஷீட் ஒருபோதும் கூட்டலில் தவறாது. அது எப்படிக் கணக்குப் போட்டது என்பதை யார் வேண்டுமானாலும் செல்லைக் கிளிக் செய்து பார்க்கலாம்.

ஆயிரக்கணக்கான வீரர்கள் திரையில் மோதுவதைப் பார்க்க வேண்டுமானால் டோட்டல் வார் வரிசை கேம்கள் 2000லிருந்தே வந்து கொண்டிருக்கின்றன. 2016ல் வார்ஹாமர் உலகத்தை வைத்தும் வந்துவிட்டது. கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் வாங்கி விளையாடுங்கள், பிரமாதமாக இருக்கும். நம் லேப்டாப் மேக்ரோ அதன் அருகில்கூட நிற்க முடியாது. ஆனால் அந்த கேமில், "கோப்ளின் அரசனிடம் போய், உன் தம்பி உனக்கு எதிராகச் சதி செய்கிறான் என்று பொய் சொல்கிறேன்" என்று சொல்ல முடியாது. அதற்குப் பட்டன் இல்லை. மேஜையில் சொல்லலாம். நடுவர் ஒரு நிமிடம் யோசித்து, "சரி, உருட்டு" என்பார். மேஜையின் பலம் இந்த ஒரு வாக்கியம்தான். பட்டனைத் தட்டி முடிவை வாசித்தால், விளையாட வந்த நால்வரும் பார்வையாளர்கள் ஆகிவிடுகிறார்கள்.

நம்பிக்கை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லேப்டாப் திரைக்குப் பின்னால் நடுவர் எதையோ தட்டி, "உங்கள் ஆட்கள் 200 பேர் போய்விட்டார்கள்" என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும் மனதுக்குள் வரும். ப்ரஷ்ய நடுவருக்கு வரக்கூடிய அதே கெட்ட பெயர். எனவே போர் தொடங்கும் முன்பே ஷீட்டைத் திருப்பிக் காட்டுங்கள். ஃபார்முலா என்ன, 5 சதவீதம் எங்கிருந்து வந்தது, எதை மாற்றினால் எது மாறும் என்று விளக்கிவிடுங்கள். தங்கள் பக்க எண்ணிக்கை எப்போதும் அவர்களுக்குத் தெரியட்டும். எதிரியின் எண்ணிக்கையை மட்டும், யாராவது வேவு பார்த்துவிட்டு வரும் வரை மறைத்து வைக்கலாம். ஷீட்டைப் பார்த்த பிறகுதான் விளையாடுபவர்கள், "பாலத்தில் 20 பேர் என்கிறீர்களே, வண்டிகளைக் கவிழ்த்துப் போட்டால் 10 பேர் ஆகுமா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. இன்னொரு ஷீட்டில் ஊர்க்காவலர்கள் 20 பேரின் பெயர்களை எழுதி வையுங்கள். கேரக்டர்கள் கதையில் ஏற்கெனவே சந்தித்த ஆட்களாக இருக்க வேண்டும். கடன் கொடுத்த கொல்லன், மூன்று வாரம் முன்பு வழிகாட்டிய பையன், சத்திரக்காரியின் அண்ணன். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை சதவீதம் பேர் விழுந்தார்களோ அதே சதவீதத்தில், ராண்ட்பிட்வீன் ஃபங்ஷனில் 1, 20 என்று கொடுத்து, வரும் எண்ணுக்குரிய பெயரைப் படியுங்கள். 35 பேர் போனார்கள் என்றால் மேஜையில் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். கொல்லன் போய்விட்டான் என்றால் பேச்சு நின்றுவிடும். யாராவது ஒருவர் நிச்சயம், "எஃப்9ஐ இன்னொரு தடவை அழுத்துங்களேன்" என்பார். அழுத்தாதீர்கள். பேஸ்ட் ஸ்பெஷல், வேல்யூஸ்.